தேவதைகள் விட்டுச்சென்ற சிரியக் கோப்பை

லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள அந்தக் கண்ணாடிக் கோப்பையின் உயரம் 16 சென்டிமீட்டர்கூட இல்லை. அடி குறுகி வாய் விரிந்த வடிவம். மேலே நீலம், பச்சை, சிவப்பு, வெள்ளை எனாமல், நடுநடுவே தங்கம். 'எடன்ஹாலின் அதிர்ஷ்டம்' என்று பெயர். வடமேற்கு இங்கிலாந்தின் கம்பர்லாந்தில், எடன்ஹால் மாளிகையின் மஸ்கிரேவ் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகப் பொத்திப் பொத்திக் காத்தது. கிணற்றடியில் கூத்தாடிய தேவதைகள் ஆள் அரவம் கேட்டு ஓடியபோது விட்டுப்போனதாம். இது உடைந்தால் குடும்பத்தின் அதிர்ஷ்டமும் போய்விடுமாம். ஜெர்மானியக் கவிஞர் ஊலாண்ட் 1834-இல் எழுதிய கதைப்பாடலில் கோப்பையை உடைத்தே விட்டார். நிஜக் கோப்பையில் ஒரு கீறல் விழவில்லை.

குடும்பத்தின் ஆவணங்களைத் துருவினால் 1677-இல் எழுதிய ஓர் உயில் வரைதான் போக முடிகிறது. அதற்கு முந்தைய கதையைக் கோப்பையிடமே கேட்க வேண்டும். அதன் மேலுள்ள எனாமல், வண்ணக் கண்ணாடியைப் பொடித்து, குழைத்துத் தீட்டி, மறுபடி உலையில் காட்டி ஒட்டவைக்கும் வேலை. சூடு கொஞ்சம் மிஞ்சினால் கோப்பையே தொய்ந்துவிடும். 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் இதில் கைதேர்ந்தவர்கள் மம்லூக் சுல்தான்களின் ஆட்சியிலிருந்த சிரியா, எகிப்துக் கண்ணாடிக் கலைஞர்கள். அவர்கள் செய்த மசூதி விளக்குகள் பலவற்றில் சுல்தான்களின் பெயர்கள் உண்டு. அதனால் காலம் தெரியும். அவற்றோடு ஒப்பிட்டுத்தான் இந்தக் கோப்பையை 1350-ஐ ஒட்டியது என்கிறார்கள்.

சிலுவைப் போர் வீரர் யாரோ கொண்டுவந்திருப்பார் என்பது வழக்கமான அடுத்த ஊகம். எனக்கு இது தேவதைக் கதையை விடப் பெரிதாகத் தேறவில்லை. சிலுவைப் போராளிகளின் கடைசிப் பெருங்கோட்டையான ஆக்கர் 1291-லேயே விழுந்துவிட்டது. கோப்பை பிறந்ததோ அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின். வெனிஸ் வணிகர்களும் யாத்ரீகர்களும் அப்போதும் சிரிய, எகிப்துத் துறைமுகங்களுக்குப் போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள். பட்டும் மிளகும் வந்த வழியில் கண்ணாடியும் வந்திருக்கலாம்.

ஐரோப்பாவுக்கு வந்தபின் கோப்பை எப்படி மதிக்கப்பட்டது என்பதற்கு இந்த ஊகங்களைவிட நல்ல சாட்சி, அதன் தோல் உறை. கோப்பைக்கென்றே ஐரோப்பாவில் அளவெடுத்துச் செய்தது. மூடியில் இயேசுவின் பெயரைக் குறிக்கும் மூன்று எழுத்து முத்திரை. இஸ்லாமிய நாட்டுப் பாத்திரம் ஒரு கிறிஸ்தவக் கையில் புனிதப் பொருளாகவே மதிக்கப்பட்டிருக்கிறது. தேவாலயத் திருப்பலியில் பயன்பட்டிருக்கலாம் என்று சிலர் கருதுவதும் இதனால்தான். 1926-இல் இரவலாக அருங்காட்சியகத்துக்கு வந்து, 1958-இல் விலைக்கு வாங்கப்பட்டபோது, கோப்பையோடு அந்த உறையும் சேர்ந்தே வந்தது.