பல்லுக்குள் ஒரு வீக்கம்

சாரல் காலத்தில் ஐந்தருவியில் குளித்திருக்கிறீர்களா? வாயைத் திறந்து அருவி நீரைப் பிடிப்பது ஒரு விளையாட்டு. சிலர் மட்டும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு விலகி ஓடுவார்கள். பல்லில் சுரீர் என்று வலி! "ஒரு கிராம்பை வச்சுக் கடிச்சுக்கோ" என்பார் பாட்டி. அது சரியான வைத்தியமா? பல்லுக்குள் நுழைந்து பார்ப்போம்.

மூடிய அறை

பல்லின் மேல் உறை எனாமல். அதற்கடியில் டென்டைன். நடுவே, பற்கூழ் என்னும் மென்மையான திசு. இரத்தக் குழாய்களும் நரம்புகளும் இங்கேதான் உள்ளன. டென்டைனில் ஆயிரக்கணக்கான நுண்குழல்கள் உண்டு. எனாமல் சிதைந்த இடத்தில் குளிர்ந்த நீர் பட்டால், குழல்களுக்குள் இருக்கும் திரவம் அசைகிறது. நரம்பு அதை வலியாக உணர்கிறது.

சொத்தை ஆழமானால் பாக்டீரியாக்களின் நச்சுப் பொருள்கள் பற்கூழை எட்டுகின்றன. உடனே அங்குள்ள செல்கள் புரோஸ்டாகிளாண்டின் போன்ற வேதிப்பொருள்களைச் சுரந்து உதவி கேட்கின்றன. இரத்தக் குழாய்கள் விரிகின்றன, வெள்ளணுக்கள் விரைகின்றன, திரவம் கசிகிறது. இதுவே அழற்சி. முள் குத்திய விரல் வீங்குவதும் இதனால்தான். ஆனால் விரலுக்கு வீங்க இடமுண்டு. பல்லின் சுவர் விரியுமா? உள்ளே அழுத்தம் ஏறுகிறது. இரத்த ஓட்டம் தடைப்படுகிறது. காக்க வந்த அழற்சியே பற்கூழைக் கொன்றுவிடலாம்!

குற்றாலமும் கிராம்பும்

கிராம்பு என்பது மலராத மொட்டு. 1800ஆம் ஆண்டையொட்டி, கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் அமைத்த தோட்டத்தின் வழியாகத்தான் இம்மரம் இந்தியாவுக்கு வந்தது. கிராம்பு எண்ணெயில் பெரும்பகுதி யூஜினால் என்ற பொருள். குறைந்த அளவில் அது நரம்பின் வலிச் செய்தியைத் தணிக்கிறது. புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியையும் குறைக்கிறது. துத்தநாக ஆக்சைடுடன் யூஜினாலைக் குழைத்துப் பல் குழியை அடைப்பது மருத்துவர்களின் நெடுநாள் வழக்கம்.

அப்படியானால் கிராம்பு எண்ணெயை நிறைய ஊற்றலாமா? கூடாது! ஆய்வுக்கூடங்களில், பிடுங்கிய ஞானப்பற்களிலிருந்து பற்கூழ் செல்களை எடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்க்கிறார்கள். பாக்டீரியாவின் சுவர்ப் பொருளைச் சேர்த்து அழற்சியைத் தூண்டி, எந்த மருந்து அதை அடக்குகிறது என்று சோதிக்கிறார்கள். யூஜினாலின் செறிவு கூடினால் செல்களே மடிகின்றன என்பது இவ்வகைச் சோதனைகளில் தெரிந்தது.

அழற்சியை அளவோடு அடக்குவது ஏன் முக்கியம்? 2000ஆம் ஆண்டில் பற்கூழில் குருத்தணுக்கள் இருப்பது கண்டறியப்பட்டது. பற்கூழ் பிழைத்தால் புதிய டென்டைனை உருவாக்கித் தன்னைத்தானே பழுது பார்த்துக்கொள்ளும்.

பாட்டி சொன்னது தவறில்லை. ஆனால் கிராம்பு வலியைத் தணிக்குமே தவிர, சொத்தையை அகற்றாது. வலி நின்றதும் சும்மா இருந்துவிட்டால், உள்ளே பற்கூழ் மெல்லச் சாகலாம். எனவே குளிர்நீர் பட்டுப் பல் கூசினால் பல் மருத்துவரிடம் செல்லுங்கள். அடுத்த சாரலில் வாய் நிறைய அருவி நீரைப் பிடிக்கலாம்!