திரையை அணைக்கும் நேரம்



கைத்தொலைபேசி குடிகொள்ளாத இல்லம் இன்று அரிது. 2020ஆம் ஆண்டிற் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்களே அதன்வழி வந்தமையால், அதுவரை அதனைப் பிள்ளைகட்குக் கொடாத பெற்றோரும் கொடுக்க நேர்ந்தது. கொடுப்பது எளிது, திரும்பப் பெறும் வேளையே பல வீடுகளில் அழுகையும் அடியும் நிகழும் வேளையாயிற்று. ஓட்டிசம் உடைய பிள்ளைகளும், அவதானக் குறைவும் மிகைத்துடிப்பும் உடைய பிள்ளைகளும் வாழும் இல்லங்களைக் கருதியே இன்று பேச விழைகின்றேன்.

இத்தகைய பிள்ளை திரையை விட மறுத்தால் நாம் அதனை அடம் என்கிறோம். தாய் செல்லங்கொடுத்துக் கெடுத்தாள் என்று அயலாரும் பழிப்பர். உண்மை வேறு. 1943ஆம் ஆண்டில் லியோ கானர் என்னும் வைத்தியர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, வழக்கமான ஒழுங்கு மாறலாகாது என்னும் பெருவிருப்பினை அவர்தம் முதன்மை இயல்புகளுள் ஒன்றாகக் குறித்தார். ஓட்டிசம் உடையோரின் கவனம் ஒரு நேரத்தில் ஒரே பொருளில் ஆழ்ந்து அமிழ்வது என்று 2005இல் டைனா மறேயும் உடனாய்வாளரும் விளக்கினர். அங்ஙனம் அமிழ்ந்திருப்பவரைத் திடீரென வெளியே இழுத்தால் அவர் பதறுவது இயல்பே. மிகைத்துடிப்புடைய பிள்ளைகள் பலர்க்கோ காலம் கழிவது உணர்விற் படுவதில்லை. “இன்னும் ஐந்து நிமிடம்” என்பது அவர்க்கு வெறுஞ்சொல்.

திரையும் சும்மா இருப்பதன்று. நமது வானொலி நாடகத்திற்கு ஒரு முடிவு உண்டு, அறிவிப்பாளர் விடைபெறுவார். கைத்தொலைபேசியிலோ ஒரு காட்சி முடியுமுன்னரே அடுத்தது தொடங்கிவிடுகிறது.

எத்தனை மணித்தியாலம் என்பதையே பெற்றோர் என்னிடம் முதலில் வினவுவர். உலக சுகாதார நிறுவனம் 2 முதல் 4 வயது வரையுள்ளோர்க்கு நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலமே எல்லை என 2019இல் விதந்துரைத்தது. மூத்த பிள்ளைகட்கு, குறைத்துக்கொள்க என்றதேயன்றி, 2020இல் அது எண் எதனையும் வகுக்கவில்லை. எண்ணைவிட, நிறுத்தும் முறையே வீட்டின் அமைதியைத் தீர்மானிக்கிறது என்பது என் துணிபு.

கருவியைக் கையிற் கொடுக்குமுன்பே முடிவைப் பேசிக்கொள்ளல் வேண்டும். மணிக்கூட்டைக்கொண்டு நிறுத்துவதினும், ஆட்டம் முடியுமிடத்தில் நிறுத்துவது நன்று. பிறருடன் குழுவாக ஆடும் ஆட்டங்கள் சில இடையில் நிறுத்த முடியாதவை. விலகினால் தோழரைக் கைவிட்டவனாவான். அத்தோழரன்றி வேறு நண்பரில்லாத பிள்ளைகளும் உளர். ஆகவே ஓர் ஆட்டம் எவ்வளவு நேரஞ் செல்லும் என்று முன்னரே கேட்டறிக. சொல்லாற் காலத்தை உணராத பிள்ளைக்கு மணற்கடிகாரமோ, வரைந்து சுவரில் ஒட்டிய படங்களோ உதவும். திரையிலிருந்து நேரே வீட்டுப்பாடத்திற்கு அழைத்தால் யார்தான் வருவார்? இடையில் ஊஞ்சலோ, ஒரு சிற்றுண்டியோ இருக்கட்டும்.

பறித்தெடுத்தல் ஆகாது. அம்மா மறுத்ததை அப்பம்மா இரகசியமாகக் கொடுத்தலும் ஆகாது. விதி ஆளுக்காள் மாறுவதே இப்பிள்ளைகளைப் பெரிதுங் குழப்புவது. பிள்ளை நிலைகுலைந்து கதறும்போது புத்திமதி எதுவும் செவியேறாது. குரலைத் தாழ்த்தி, சொற்களைக் குறைத்து, ஒளியையும் ஓசையையும் தணித்து, அடித்துக்கொள்ளாமற் காத்து அருகிலிருத்தலே செய்யத்தக்கது. பேச்செல்லாம் மறுநாளைக்கு.

வாய்ப்பேச்சு வராத பிள்ளைகள் சிலர் படங்களைத் தொட்டுப் பேசும் கருவியைக்கொண்டே பசியையும் நோவையும் தெரிவிக்கின்றனர். அதனை ஒருபோதும் தண்டனையாகப் பறித்துவிடாதீர்கள். அஃது அப்பிள்ளையின் நா.

உறக்கமும் இவர்களுட் பலர்க்கு எளிதில் வருவதில்லை. இரவில் மின்னேற்றுவதற்கெனக் கைத்தொலைபேசிகளை எல்லாம் மண்டபத்தில் ஓரிடத்தில் வைத்துவிடலாம். தகப்பனாரின் தொலைபேசியும் அங்கேயே இருத்தல் வேண்டும். பிள்ளைகள் முதலிற் பார்ப்பது அதைத்தான்.