மொட்டைத் தலைச் சின்ன சாமிகள்



பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நான் ஜப்பான் வரை போய் வருவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. என் கணவர் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். 2023 பிப்ரவரியில் அவரைப் பயிற்சிக்காக நகோயா அனுப்பினார்கள். அப்போது எனக்கு அவர் மேல் தீராத கோபம். அதற்கு மூன்று மாதம் முன்புதான், ஐந்தாம் மாதத்தில், எங்கள் குழந்தை தங்காமல் போனது. "அதைப் பத்தி வீட்ல யாரும் பேசக் கூடாது" என்றார் என் மாமியார். இவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பயிற்சி முடியும் சமயம், அக்டோபரில், "பத்து நாள் லீவு இருக்கு, நீ கிளம்பி வா"ன்னு போன் செய்தார். டிக்கெட்டுக்காக என் இரண்டு வளையல் அடகுக்குப் போனது. போகவா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடியோடு கிளம்பினேன்.

அந்தப் பொடிதான் காப்பாற்றியது. அங்கே காய்கறி சூப் என்று தருவதில்கூட மீன் கொதித்த தண்ணீர் கலந்திருக்கும். எனக்குப் பிடித்தது நடுவில் உப்பில் ஊறிய புளிப்புப் பழம் வைத்த சோற்று உருண்டை. நம் ஊறுகாய் சாதம்தான், கடல்பாசித் தாளில் சுற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நகோயாவிலிருந்து புல்லட் ரயிலில் கியோட்டோவுக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. தங்கக் கோயிலைப் பார்த்ததும் என் வளையல் ஞாபகம் வந்தது! 1950-ல் ஒரு இளம் பிட்சுவே அதற்குத் தீ வைத்துவிட்டாராம். 1955-ல் மறுபடி கட்டியிருக்கிறார்கள். தெருமுனைகளில் நம் பிள்ளையார் மாதிரி குட்டிக் குட்டிக் கற்சிலைகள். மொட்டைத் தலை, கழுத்தில் குழந்தைக்குக் கட்டுவது போல் சிவப்புத் துணி. "இது என்ன சாமிங்க?" என்றேன். "அப்புறம் சொல்றேன்" என்று நடையைக் கட்டினார்.

அங்கே சஞ்ஜுசங்கெண்டோ என்று ஒரு கோயில். நீளமான மண்டபத்தில் ஆளுயரத்துக்குக் கன்னான் தெய்வச் சிலைகள் ஆயிரம், நடுவில் பெரியது ஒன்று, மொத்தம் 1001. முன்வரிசையில் பிரம்மா, இந்திரன் எல்லாம் ஜப்பான் பெயரோடு நிற்கிறார்கள். கருடன் புல்லாங்குழல் ஊதுகிறார்! அந்த 1001 முகங்களில் நாம் பார்க்க ஏங்கும் ஒருவரின் சாயல் கட்டாயம் இருக்கும் என்பார்களாம். இவர் அதைச் சொன்னதும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நான் எந்த முகத்தைத் தேடுவது? என் குழந்தையை எனக்குக் காட்டவே இல்லையே. ஒன்றும் பேசாமல் வெளியே வந்துவிட்டேன்.

நாராவில் மான்கள் தெருவில் திரிகின்றன. ஒன்று என் முந்தானையைச் சப்பிப் பாழாக்கியது. அங்குள்ள பெரிய புத்தருக்கு 752-ல் கண் திறந்து வைத்தவர் நம் இந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்ற துறவி. தூரிகையில் நீண்ட கயிறுகளைக் கட்டி, கூடியிருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்களாம். நம் ஊர்த் தேர் வடம் மாதிரி.

டோக்கியோவில் எனக்குக் கூட்டம்தான் ஞாபகம். கடைசி நாள் அங்கிருந்து ஒரு மணி நேர ரயில் பயணத்தில் காமகுரா போனோம். வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கும் வெண்கல புத்தரைப் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் ஹசெதெரா கோயிலுக்குக் கூட்டிப் போனார். படியேறினால், வரிசை வரிசையாக அதே மொட்டைத் தலைச் சாமிகள். ஒவ்வொன்றும் முழங்கால் உயரம்கூட இல்லை. எண்ணி முடியாது.

"இவர் பேரு ஜிஸோ. நம்ம வடமொழியில க்ஷிதிகர்பர். பொறக்காமப் போன குழந்தைங்களுக்கு இவர்தான் காவல். அதுங்களுக்கு ஆத்தைத் தாண்டத் தெரியாதாம், இவர் தன் அங்கிக்குள்ள மறைச்சுக் காப்பாத்துவாராம். பெத்தவங்க வந்து வேண்டிக்குவாங்க" என்றார். பிறகு, "ஜூன் மாசம் தனியா வந்தேன். அப்பவே உன்னைக் கூட்டிட்டு வரணும்னு நெனச்சேன்" என்றார்.

எனக்குக் கால் ஓடவில்லை. "நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டேன். கேட்கப் பதினோரு மாதம் ஆகியிருக்கிறது.

"நர்ஸ் காட்டினாங்க. பொம்பளப் புள்ள. உன் நெத்தி. உங்கிட்ட சொன்னா தாங்கமாட்டேன்னு எல்லாரும் சொன்னாங்க." அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. திருமணமாகி எட்டு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்தில் நின்ற ஒரு ஜப்பான் பாட்டி தலை குனிந்து வணங்கிவிட்டு, எங்களுக்கு இடம் விட்டு விலகிப் போனார்.

ஊதுவத்தி ஏற்றி வைத்தோம். மனசுக்குள் அவளுக்கு ஒரு பேர் வைத்திருந்தாராம். என் காதில் சொன்னார். அதை மட்டும் இங்கே எழுதவில்லை, மன்னியுங்கள்.

பிறகு கடற்கரைக்கு நடந்தோம். மிச்சமிருந்த புளிசாதத்தைப் பிரித்து அவர் வாயருகே கொண்டு போகும்போது, எங்கிருந்தோ ஒரு பருந்து பாய்ந்து பொட்டலத்தையே தூக்கிக்கொண்டு போய்விட்டது. பருந்து ஜாக்கிரதை என்ற பலகை எங்கள் முதுகுக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறது! கை நிறைய மஞ்சளோடு அவர் திருதிருவென்று விழித்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அன்று ராத்திரி ரயிலில் அவர் தோளில் சாய்ந்து தூங்கிப் போனேன்.

– ஒரு வாசகி, காஞ்சிபுரம்