மீட்பு ஊர்திகளும் கொலன்னாவையும்

போர்க்களத்தில் பழுதுற்ற வாகனத்தைக் கைவிட்டால் அது எதிரியின் உடைமையாகிவிடும். ஆதலாலேயே பாரந்தூக்கியும் இழுவை வடமும் பொருத்திய கவச மீட்பு ஊர்திகள் முன்னரங்கு வரை செல்கின்றன. சங்கிலிச் சக்கர ஊர்தி சேற்றுக்கு உகந்தது. தார்வீதியில் விரைவது சாதாரண சக்கர ஊர்தியே.

தென்னாபிரிக்க பஃபலைப் பின்பற்றி யூனிகோன், யூனிபஃபல் கவச வாகனங்களை இலங்கை இராணுவத்தின் மின், இயந்திரப் பொறியியல் படையணி தயாரித்தது. படகடி போன்ற அவற்றின் கூரிய அடிப்பாகம் கண்ணிவெடியின் விசையைப் பக்கவாட்டில் சிதறடிக்கும். பழுதுபார்ப்பதும் மீட்பதும் அப்படையணியின் கடமைகளே.

யுத்தம் 2009இல் முடிந்தது. கொலன்னாவையையோ 2016 மே மாதம் களனி கங்கை வெள்ளம் சூழ்ந்தது. 2017 ஏப்ரல் 14இல் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 30இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போதும் இராணுவமே வரவழைக்கப்பட்டது. இனியேனும் மீட்பு ஊர்தியொன்றை இப்பகுதிக்கு அண்மையில் நிரந்தரமாக நிறுத்திவைக்குமாறு அரசை வேண்டுகின்றோம்.