அரளிக் காட்டில் ஆள்மாறாட்டம்!

சேலத்தை அடுத்த பனமரத்துப்பட்டி என்றாலே அரளிப்பூதான். கோயில் மாலைக்குப் போகும் அந்தப் பூச்செடியின் இலையில் ஆடு மாடுகூட வாய் வைக்காது. இதயத்தையே நிறுத்திவிடும் நஞ்சு அதில் இருக்கிறது. ஆனால், அதையே சாப்பாடாக்கிக்கொண்ட இரண்டு புழுக்கள் உண்டு.

முதலாவது, ஓர் அந்துப்பூச்சியின் புழு. இலையோடு இலையாகப் பச்சை நிறத்தில் இருக்கும். தொட்டால் தலையை உள்ளிழுத்து உடம்பை உப்பவைக்கும். உடனே நீல நிறத்தில் இரண்டு பெரிய 'கண்கள்' முறைக்கும்! உண்மையில் அவை வெறும் புள்ளிகள். கூட்டுப்புழுவாகும் முன் பழுப்பாக மாறி, சருகுக்குள் இறங்கிவிடும்.

இரண்டாவது, 'காமன் குரோ' எனும் கருப்பு வண்ணத்துப்பூச்சியின் புழு. வளர்ந்து சிறகு முளைத்த பிறகும் இதற்கு அவசரமே இல்லை, நிதானமாகத்தான் பறக்கும். பறவைகளுக்கு இதன் ருசி ஆகாது. ஒருமுறை கொத்திய குருவி மறுமுறை யோசிக்கும்.

இந்தப் பெயரை வைத்துப் பிழைக்கிறது 'கிரேட் எக்ஃப்ளை' பெண் வண்ணத்துப்பூச்சி. குரோவைப் போலவே கருஞ்சிறகு, ஓரத்தில் வெண்புள்ளிகள். ஆணுக்கு இந்த வேஷம் கிடையாது.

அமேசான் காடுகளில் 11 ஆண்டுகள் அலைந்த ஹென்றி வால்டர் பேட்ஸ், இந்த வகை வேஷத்தை 1862-ல் விளக்கினார். அசல் நிறைய இருக்கும்வரைதான் போலிக்குப் பாதுகாப்பு. மருந்தடித்து அசலை அழித்தால், பறவைகளுக்கு அந்தக் கசப்புப் பாடம் மறந்துபோகும். அப்புறம் போலியின் வேஷமும் செல்லாது.

வீட்டு அரளியில் கடிபட்ட இலையைக் கண்டால், மருந்தைத் தேடும் முன் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இரண்டு நீலக் கண்கள் உங்களையும் முறைக்கலாம்!