அளந்து வெட்டுங்கள் அப்பாவின் கைத்தடியை

இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்து, நடந்தே வீட்டுக்குப் போனவர்களைச் சில வாரங்களில் ஆட்டோவிலிருந்து மறுபடி மருத்துவமனைக்குத் தூக்கி வருகிறார்கள். மறுபடி விழுந்திருப்பார்கள். எதை ஊன்றி நடந்தீர்கள் என்று கேட்டால் பரணில் கிடந்த தாத்தாவின் தடி, கொல்லையில் வெட்டிய மூங்கில், குடை என்கிறார்கள். லட்சக்கணக்கில் செலவழித்த குடும்பம் ஒரு தடிக்கு அளவெடுக்க மறந்துவிடுகிறது.

உயரமான தடி தாங்காது

தடி உயரமாக இருந்தால் பிடிமானம் கூடும் என்பது தவறு. தோள்தான் தூக்கிக்கொள்ளும், எடை தடியில் இறங்காது. குட்டையானால் உடம்பு சாயும். அப்பா வழக்கமாகப் போடும் செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடட்டும். தரையிலிருந்து மணிக்கட்டு மடிப்பு வரை அளவு. அடியில் மாட்டும் ரப்பர் புஷ்ஷும் அதற்குள் அடக்கம். ஊன்றும்போது முழங்கை 20 முதல் 30 டிகிரி மடங்க வேண்டும். முதலில் 2 அங்குலம் கூட்டி வெட்டி, அவரை நிற்கவைத்துப் பார்த்துக் குறையுங்கள்.

ஆசாரியிடம் சொல்லுங்கள்

தேக்கு, வேங்கை, கருவேலம் எதுவானாலும் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். மரத்தின் ரேகை மேலிருந்து கீழ்வரை நேராக ஓட வேண்டும். கணு உள்ள கட்டை வேண்டவே வேண்டாம், முறிந்தால் அங்கேதான் முறியும். தண்டு 1 அங்குலக் கனமாவது இருக்கட்டும். உருண்டைக் குமிழ் அழகுதான், ஆனால் உள்ளங்கையில் ஒரே இடத்தில் அழுத்தும், குறுக்குப்பிடியே நல்லது. பிடியில் துளையிட்டுத் தண்டைச் செருகிப் பசை போட்டு, குறுக்கே ஒரு முளையும் அடிக்கச் சொல்லுங்கள். ஆணி மட்டும் அடித்தால் நாளடைவில் ஆட்டம் காணும்.

எந்தக் கை?

அறுவை செய்த காலின் பக்கமே ஊன்றுகிறார்கள். எதிர்க்கையில்தான் பிடிக்க வேண்டும். வலது காலென்றால் இடது கை. தடியும் அந்தக் காலும் சேர்ந்தே முன்னால் போகட்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் அறுவை செய்த காலும் முதலில்.

“தடி பழகிவிட்டால் விட முடியாது” என்று அவசரமாகப் பிடுங்குபவர்களும் உண்டு. நொண்டி நடப்பதுதான் அப்புறம் பழக்கமாகிப்போகும்.

எண்ணெயும் மாத்திரையும்

கெண்டைக்கால் வீங்கி வலித்தால் எண்ணெய் தேய்த்து நீவாதீர்கள். எத்தனை முறை சொல்வது! உள்ளே ரத்தம் உறைந்திருந்தால் அந்தக் கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போய் உயிரையே வாங்கும். அன்றைக்கே மருத்துவமனைக்கு வாருங்கள், டாப்ளர் ஸ்கேனில் தெரிந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரரின் வலி மாத்திரையும் வேண்டாம். வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வலி தெரியாத தைரியத்தில் தடியில்லாமல் நடந்து விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கெஞ்சிக் கேட்கிறேன்

மருத்துவர் சொல்லும்வரை வாக்கரை விட்டுத் தடிக்கு மாறாதீர்கள். தேய்ந்த புஷ்ஷை உடனே மாற்றுங்கள். ஈர டைல்ஸில் அதுதான் வழுக்கும். மிதியடியைச் சுருட்டி வையுங்கள். கழிவறைக்குப் போகும் வழியில் இரவு முழுக்க ஒரு விளக்கு எரியட்டும். தடி கட்டிலிலிருந்து கைக்கு எட்டட்டும். பிள்ளைகள் தூங்கட்டும் என்று, அவர் யாரையும் எழுப்பாமல் தனியாகத்தான் எழுந்து போவார்.