கத்திரி வெயிலும் கடற்கரைப் பந்தும்

திருவண்ணாமலையில் சித்திரை பிறந்துவிட்டால் வெயிலைப் பற்றி யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பகலெல்லாம் காய்ந்த பாறை மலை, பொழுது சாய்ந்த பிறகு அந்தச் சூட்டை ஊருக்குத் திருப்பித் தரத் தொடங்கும். இரவு எட்டு மணிக்கும் மாடவீதித் தரை வெறுங்காலைச் சுடும். மூலவருக்கே அக்னி நட்சத்திர நாட்களில் தாராபிஷேகம் நடக்கிற ஊர் இது. அடியில் துளையிட்ட பாத்திரத்திலிருந்து லிங்கத்தின் மேல் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருக்கும். அக்னித் தலத்தில் வெயில் காலத்தை எப்படிக் கழிக்க வேண்டும் என்பதற்கு எங்கள் முன்னோர் கண்ட வழி அதுதான்: இருக்கிற இடத்திலேயே குளிர்வித்துக்கொள்வது. வெட்டிவேர் போட்ட பானைத் தண்ணீர், திண்ணையில் படுக்கை, நுங்கு, மோர். ‘லீவுக்குக் கடற்கரைக்குப் போகிறோம்’ என்ற பேச்சை என் சிறுவயதில் எந்த வீட்டிலும் நான் கேட்டதில்லை.

கடல் ஒன்றும் எட்டாத தூரத்தில் இல்லை. கீழ்பென்னாத்தூர், செஞ்சி, திண்டிவனம் வழியாகப் போனால் ஏறத்தாழ 105 கிலோமீட்டரில் பாண்டி. ஆனால் அது காரியத்துக்குப் போகிற இடமாக இருந்தது. அஸ்தி கரைக்கப் போவார்கள். தை அமாவாசைக்குப் போவார்கள். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போவார்கள். மயிலம் முருகன், தீவனூர்ப் பிள்ளையார், செஞ்சிப் பக்கத்துச் சிங்கவரம் ரங்கநாதர் என்று உள்நாட்டுத் தெய்வங்களே தீர்த்தவாரிக்கு அங்கே எழுந்தருளுகிற நாள் அது. எங்கள் அண்ணாமலையார் மட்டும் மாசி மகத்துக்குக் கடல் வரை வருவதில்லை. பிள்ளையில்லாத வல்லாள மகாராஜாவுக்கு மகனாக நின்று திதி கொடுக்கப் பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்குப் போகிறார். பருவ நாள் தவிர மற்ற நாளில் சமுத்திரத்தைத் தொடக் கூடாது, சேதுவுக்கு மட்டும்தான் விலக்கு என்பது பாட்டிமார் சொன்ன சட்டம். காரணம் கேட்டால் சாஸ்திரம் என்பார்கள். மலையடிவாரத்து மக்களுக்குப் பழக்கமில்லாத நீரில் பிள்ளைகளைப் பறிகொடுக்காமல் இருக்க அந்தச் சட்டம் உதவியது என்றே நான் நினைக்கிறேன்.

இந்த ஊரில் கால்பந்தும் அப்படித்தான், இருந்தும் இல்லாததுபோல. எங்கள் ஊருக்கு உலகப் பெயர் வாங்கித் தந்த ரமண மகரிஷி, மதுரையில் வேங்கடராமனாகப் படித்த காலத்தில் கால்பந்து விளையாட்டில் சூரர். அவர் சேர்ந்த கட்சியே ஜெயிக்கும் என்பதால் நண்பர்கள் அவரைத் ‘தங்கக்கை’ என்று அழைத்ததாக வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி ரயிலிறங்கி இங்கே வந்தவர், 1950 ஏப்ரல் 14 வரை இந்த மலையை விட்டு வேறெங்கும் போகவில்லை. பந்தாடிய பிள்ளை ஒருவர் வந்து சேர்ந்த ஊர் என்று எங்கள் பள்ளி மைதானங்களில் யாரும் சொல்லித் தந்ததில்லை. சொல்லியிருக்கலாம்.

கடலும் பந்தும் எனக்கு ஒன்றாக வாய்த்தது 1986 ஜூனில். பாண்டி முத்தியால்பேட்டையில் மாமா வீட்டில் ஒரு காதுகுத்து. ஞாயிற்றுக்கிழமை விசேஷம், சனிக்கிழமையே கிளம்பிவிட்டோம். தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகப் பேருந்தில் செஞ்சிக் கோட்டை வரை நின்றுகொண்டு, திண்டிவனம் வரை ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்துகொண்டு பயணம். அம்மா மந்தாரை இலையில் கட்டிய புளிச்சோறு திண்டிவனத்திலேயே தீர்ந்தது. அன்று இரவு, பக்கத்து வீட்டுச் சொல்தா தாத்தா தெருவையே கூப்பிட்டு உட்கார வைத்தார். சொல்தா என்றால் பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குபவர். பாண்டியில் தெருவுக்கு ஒருவராவது அப்போது இருந்தார்கள். அவர் வீட்டு வாசலில், நாற்காலி மேல் நாற்காலி போட்டு ஏற்றிய கறுப்புவெள்ளைப் பெட்டியில் உலகக் கோப்பைக் கால்பந்து. மெக்சிகோவில் நண்பகல் ஆட்டம், நமக்கு இரவு பதினொன்றரை. பிரான்சும் பிரேசிலும் காலிறுதி.

எங்களுக்கு ஆட்டக்காரர் பெயர் ஒன்றும் தெரியாது. தாத்தா சொல்லச் சொல்லத் தெரிந்துகொண்டோம். கரேக்கா முதல் கோல் போட்டதும் அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். பிளாத்தினி சமன் செய்ததும் எழுந்து நின்று ஒரு சல்யூட் வைத்தார்; அன்று பிளாத்தினிக்குப் பிறந்தநாள் வேறு. பெனால்டியில் அதே பிளாத்தினி பந்தைக் கம்பத்துக்கு மேலே அனுப்பியபோது தெருவே ‘ஐயோ’ என்றது. கடைசியில் 4–3 என்று பிரான்ஸ் ஜெயித்தபோது மணி இரண்டைத் தாண்டியிருக்கும். அங்கே இருந்த முப்பது நாற்பது பேருக்கும் ஒரே பெட்டி. ஆயாக்கள் முந்தானையை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கூச்சலுக்கு விழித்து, ‘யாரு ஜெயிச்சது, நம்ம ஆளா?’ என்று கேட்டுவிட்டு மறுபடி படுத்தார்கள்.

விடிந்ததும் மாமா எங்களைக் கடலுக்கு அழைத்துப் போனார். கரையில் மணல் இருந்தது என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். 1980-களின் பிற்பாதியில் பாண்டித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர்கள் நீட்டப்பட்டன. வருடத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிற மணல் அந்தச் சுவரில் தடுக்கப்பட்டுத் தெற்கே குவிந்தது, வடக்கே நகரத்துக் கரை அரித்துப் போனது. ஒரு தலைமுறை முழுவதும் பாண்டிக் கடற்கரை என்றால் கறுப்புப் பாறாங்கல் வரிசை என்றே அறிந்திருந்தது. 2018-19-இல் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் கடலுக்கடியில் இரும்பாலான செயற்கைத் திட்டு ஒன்றை இறக்கிய பிறகுதான் தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணல் திரும்ப வந்தது. இந்த ‘அன்றும் இன்றும்’ கதையில் மனிதர் கெடுத்து மனிதரே ஓரளவு சரிசெய்ததாக நான் சந்தோஷத்தோடு சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

அன்று மாமா போட்ட கட்டளை எனக்கு இன்னும் மனப்பாடம். “முழங்காலுக்கு மேல நனையக் கூடாது. கையை விட்டா உடனே வீட்டுக்கு.” இத்தனைக்கும் எங்களில் பெரும்பாலோர் நன்றாக நீந்துவோம். பெரியப்பாவின் கழனிக் கிணற்றில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டித் தள்ளிவிட்டுக் கற்றுக்கொடுத்த நீச்சல். பம்புசெட் மேடையிலிருந்து தலைகீழாகக் குதிப்போம். ஆனாலும் ‘கிணறு வேற, கடல் வேற’ என்று மாமா விடவில்லை. கோபமாக இருந்தது. அன்று சாயங்காலமே ஊர் திரும்பிவிட்டோம். அந்த ஞாயிறு இரவில்தான் மரடோனா இங்கிலாந்துக்கு எதிராக அந்த இரண்டு கோல்களையும் போட்டார். அவற்றை நான் பார்த்தது பல வருடம் கழித்து.

இன்று எங்கள் தெருவில் கடலைப் பார்க்காத பிள்ளை இல்லை. திண்டிவனத்திலிருந்து பாண்டிக்கு நாற்கரச் சாலை வந்துவிட்டது. கிருஷ்ணகிரி–திண்டிவனம் நெடுஞ்சாலை பல வருட இழுபறிக்குப் பிறகு ஓரளவு நேரானது. விடியற்காலை காரில் கிளம்பினால் காலைச் சிற்றுண்டிக்குப் பாண்டி. சென்னை கடற்கரை நிலையத்திலிருந்து வேலூர் வரை வந்துகொண்டிருந்த ரயிலை 2024 மே மாதம் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள். திண்டிவனம்–திருவண்ணாமலை ரயில் பாதை மட்டும் இழுபறியிலேயே நிற்கிறது. மே மாதச் சனி, ஞாயிறுகளில் மாமல்லபுரம், கிழக்குக் கடற்கரைச் சாலை, பாண்டி என்று எல்லா இடத்திலும் எங்கள் ஊர்க்காரர் முகம் தெரிகிறது. நுங்குக்கும் தர்பூசணிக்கும் திண்டிவனம் சாலையில் வண்டியை நிறுத்துவது மட்டும் மாறவில்லை.

பந்தும் பெருகிவிட்டது. உலகக் கோப்பை நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஜூன், ஜூலையில் வரும், அதற்குள் பள்ளி திறந்துவிடும் என்பது பழைய கணக்கு. 2002-இல் கொரியா, ஜப்பான் ஆட்டங்கள் நம் பகலில் வந்தபோது பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள். 2022-இல் கத்தார் கார்த்திகையிலேயே வந்துவிட்டது. டிசம்பர் 6 மாலை ஆறு மணிக்கு மலைமேல் மகாதீபம். எட்டரைக்கு மொராக்கோவும் ஸ்பெயினும். கொரோனாவுக்குப் பிறகு பக்தர்கள் தடையின்றித் திரண்ட முதல் தீபம் அது. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடந்தபடியே என் அண்ணன் மகன் அலைபேசியில் பெனால்டி பார்த்தான். மொராக்கோ ஜெயித்ததும் ஓரமாக நின்று மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். எனக்கு அது குற்றமாகப் படவில்லை. சந்தோஷம் வந்தால் இந்த ஊரில் கை தானாகக் குவியும்.

இப்போது ஐரோப்பியக் கழகப் போட்டிகளையும் பிள்ளைகள் விடுவதில்லை. சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் பெரும்பாலும் மே மாதக் கடைசியில், நம் விடுமுறையின் வாலில் வந்து விழுகிறது. 2025-இல் மே 31 சனிக்கிழமை இரவு. ஜூன் 2 பள்ளி திறப்பு. அண்ணன் மகன் தன் குடும்பத்தோடு என்னையும் பாண்டிக்கு வடக்கே ஒரு கடற்கரை விடுதிக்கு அழைத்துப் போயிருந்தான். நள்ளிரவு பன்னிரண்டரைக்கு ஆட்டம் தொடங்கியது. பாரீஸ் அணி மிலானின் இன்டரை 5–0 என்று நொறுக்கியது. பத்தொன்பது வயது துவே இரண்டு கோல். அண்ணன் மகன் ஒரு கட்டிலில் ஒரு திரையில், அவனுடைய பன்னிரண்டு வயது மகன் இன்னொரு கட்டிலில் இன்னொரு திரையில், காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு. மருமகள் ஏ.சி.யைக் கூட்டிவைத்துத் தூங்கிவிட்டாள். நாற்பது வருடத்துக்கு முன் ஒரு தெரு முழுக்க ஒரே பெட்டியில் பார்த்ததை நான் சொன்னேன். பையன் ஒரு காதைத் திறந்து, “சவுண்ட் எல்லாருக்கும் கேட்டுச்சா தாத்தா?” என்றான்.

காலையில் பந்தோடு மணலுக்குப் போனோம். கத்திரி முடியும் சமயத்துக் காலைப் பொழுதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடலோரம் குளுகுளுவென்றிருக்கும் என்று நம்பித்தான் மலையடியிலிருந்து ஓடுகிறோம். கடற்காற்று நண்பகலை ஒட்டித்தான் கரையேறும். தரை சூடேறிக் காற்று மேலெழுந்த பிறகே கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். வைகாசி, ஆனியில் மேல்காற்று பலமாக இருந்தால் அது இன்னும் தாமதமாகும். அதுவரை வீசுவது நம் பக்கத்திலிருந்தே போகிற அனல் காற்று. தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும் காற்று.

பிள்ளைகள் உதைத்த பந்து லேசான பிளாஸ்டிக் பந்து. ஈர மணலில் ஒரு குதி குதித்து நுரையில் விழுந்தது. அலை அதைத் திருப்பித் தரும் என்று எல்லோரும் நின்றோம். தரவில்லை. மேல்காற்று அதைத் தண்ணீரின் மேல் உருட்டிக்கொண்டே உள்ளே கொண்டுபோனது. கைக்கெட்டும் தூரம்போலவே இருக்கும், ஓரடி வைத்தால் ஈரடி போகும். பையன் துரத்தினான். இடுப்பளவு போய்விட்டான். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் எழுந்து நின்று, “டேய் தம்பி, பந்து போகட்டும், நீ வாடா!” என்று போட்ட சத்தத்தில்தான் திரும்பினான். அவன் கரையேறிய பிறகு அவர் என்னிடம் வந்து கேட்டது ஒரே கேள்வி: “புள்ளைக்கு நீச்சல் தெரியுமா ஐயா?”

தெரியாது. அவன் வகுப்பில் யாருக்கும் தெரியாது. பெரியப்பாவின் கிணறு தூர்ந்து, அதன் பக்கத்தில் ஆழ்துளைக் குழாய்தான் இருக்கிறது. சுரைக்குடுக்கை கட்டி இறக்கிவிட ஆளுமில்லை, தண்ணீருமில்லை. நீந்தத் தெரிந்த பிள்ளைகளை முழங்காலோடு நிறுத்திய காலம் போய், நீந்தத் தெரியாத பிள்ளைகளை அலைக்கு நடுவே விட்டுவிட்டுக் கரையில் படம் பிடிக்கிற காலம் வந்திருக்கிறது. சாலையும் காரும் விடுதியும் கடலை எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டன. கடலைப் பற்றிய பயமும் அறிவும் அதே வேகத்தில் வரவில்லை. பாட்டி போட்ட சட்டத்தைக் கைவிட்டோம், சரி. அது காத்த உயிர்களைக் காக்க வேறு சட்டம் ஒன்றை நாம் போட்டுக்கொள்ளவில்லை.

2026 உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டத்தை ஜூன் 11-க்கு, மரடோனா ஆடிய அதே அஸ்டெக்கா அரங்குக்குத்தான் ஒதுக்கினார்கள். பந்தின் மேல் பிள்ளைகளுக்கு இருக்கும் ஆசை இனி குறையப் போவதில்லை. குறையவும் வேண்டாம். கடற்கரையில் குடும்பமாகப் பந்தாடுவதைப் போல நல்ல விடுமுறை வேறில்லை. ஆனால் மலையடிவாரத்திலிருந்து புறப்படும் ஒவ்வொரு தாய் தகப்பனிடமும் கேட்டுக்கொள்கிறேன்: காலையில் காற்று கடலைப் பார்த்து வீசினால், கரையை விட்டுத் தள்ளி உலர்ந்த மணலில் ஆடச் சொல்லுங்கள். உயிர்காப்பாளர் நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பாண்டிக்குத் தெற்கே சின்ன வீராம்பட்டினத்து ஈடன் கடற்கரை, சென்னைக்குத் தெற்கே கோவளம் இரண்டும் தூய்மையும் பாதுகாப்பும் பார்த்துத் தரும் நீலக்கொடிச் சான்றை 2021-இல் பெற்றவை. உயிர்காப்பாளர் இல்லாத இடத்தில் அங்குள்ள மீனவரிடம் இழுப்பு எப்படி என்று ஒரு வார்த்தை கேளுங்கள், அவர்கள் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். அடுத்த விடுமுறைக்குள் பிள்ளைக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள். பந்து உள்ளே போனால் போகட்டும், கடையில் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பும்போதே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.